ஸ்டேட்டிவ்: தமிழில் என்ன? (நாளை மாலைக்குள்)

நண்பர்களே,
பழைய எகிப்திய மொழி அறிமுக வகுப்புக்குக் கையேடு தயாரிக்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகவேண்டும். 'கெனெட்' என்றால் சினத்தல். உயிரெழுத்தை எழுதமாட்டார்கள், க், ன், ட் மட்டும். கடைசியில் நாய்முகக் குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒலி கிடையாது, பொருளைக் காட்டத்தான். இதோடு 'குயி' சேர்ந்தால் 'நான் சினந்த நிலையில் இருக்கிறேன்'. 'தி' சேர்ந்தால் நீ. இவ்வடிவத்துக்கு ஸ்டேட்டிவ் என்று பெயர். தமிழில்?

———
நிலைவினை. முடிந்தது.
(குரங்கை பபூன் என்று எழுதாததற்கு நன்றி. எங்கள் ஊரில் பபூன் நாடகத்தில் வருபவன்.)

———
> முடிந்தது
எங்கே முடிந்தது? நம்மிடமே குறிப்பு வினைமுற்று இருக்கிறதே! கரியேன், கரியை, கரியன்: காலத்தை வெளிப்படக் காட்டாது, இடத்தைக் காட்டும். 'சினந்தேன்' என்றால் நடந்து முடிந்தது. 'சினத்தேன்' என்றால் சினம் உடையேன். ஓரெழுத்துத்தான் வேறுபாடு. கெனெட்குயி இதுவேதான். அதுவும் போக, கெனெட்டுக்கும் நம் கனல், கனன்றான் ஆகியவற்றுக்கும்...

———
ஐயா, கனலை விட்டுவிடுங்கள். இப்படிப் போனால் கனகாம்பரமும் கோபத்தில் பூத்ததாகிவிடும்.
குறிப்பு வினை பெயரடியில் பிறப்பது, இது வினையடி. தவிர, செயப்படுபொருள் குன்றாவினையில் இவ்வடிவம் வந்தால் செயப்பாட்டுப் பொருள் தரும்: 'கேட்கப்பட்டிருக்கிறது'. வருதல், போதல் போன்றவற்றில் 'வந்திருக்கிறேன்'. கரியனை வைத்து இதை எப்படி விளக்குவீர்கள்? 'கோபமா இருக்கேன்', 'வந்திருக்கேன்' இரண்டிலும் 'இரு' இருக்கிறது. இருப்பு வினை என்பேன்.

———
இருப்பு என்றால் என் மாணவர்களுக்கு வங்கிக் கணக்குதான் அக்கா. நிலைவினையே போதும்.

———
தலைப்புக்கு வெளியேதான், மன்னிக்க. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பிய உரியியல். எகிப்தியருக்கும் 'தெஷெர்' சிவப்பு. நெஞ்சு சிவந்தவன் சினந்தவன். ஆனால் கறுப்பு அவர்களுக்கு நைல் வண்டல். நாட்டின் பெயரே 'கெமெத்', கரிய நிலம். நமக்குக் கறுத்தாலும் கோபம், சிவந்தாலும் கோபம்.

———
பெயருக்கு அடித்துக்கொள்வது நாம் மட்டுமல்ல. எகிப்திய மொழி அறிஞர்களில் எர்மான் இவ்வடிவத்தைப் 'போலி எச்சம்' என்றார். கார்டினர் 1927இல் வெளியிட்ட இலக்கணத்தில் 'பழைய நிறைவு' என்றார். பேசாமல் ஸ்டேட்டிவ் என்றே போடுங்கள். மாணவன் அடுத்துத் திறக்கப்போவது ஆங்கிலப் புத்தகத்தைத்தானே.

———
அப்படியென்றால் வகுப்பைத் தமிழில் எதற்கு நடத்துகிறார்கள்? நிலைவினைக்கு என் வாக்கு.

———
நிலைவினை மூன்று, மற்றவை ஒவ்வொன்று. நிலைவினை என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், அடைப்புக்குறிக்குள் ஸ்டேட்டிவ். ஐயா, உங்கள் சினந்தேன்–சினத்தேனை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

———
அடிக்குறிப்பிலா? சரி. குறிப்பு வினை என்பதே பொருத்தம் என்ற என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கனல் பற்றித் தனி இழையில் வருகிறேன்.