உறவினர் தந்த பழைய கார் சீட்: பிள்ளையை அதில் இருத்தலாமா?

கனடாவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு உறவினர் மனமுவந்து கொடுக்கும் பொருட்களுள், தங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டதால் நிலவறையில் சும்மா கிடக்கும் கார் சீட்டும் ஒன்று. அன்போடு தருவதை வாசலில் வைத்தே மறுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, துணியுறை புதிதுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதை விடுத்து, முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்.

அடியிலோ முதுகுப்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் லேபிளில், வட்டத்துக்குள் மேப்பிள் இலை கொண்ட தேசியப் பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். இக்குறி இல்லாத சீட்டை, அது அமெரிக்காவிலோ இலங்கையிலோ எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், இங்கே பயன்படுத்துவது சட்டப்படி செல்லாது. அதே இடத்தில் தயாரித்த திகதியும் காலாவதித் திகதியும் இருக்கும். பெரும்பாலான சீட்டுகளுக்கு 6 முதல் 10 ஆண்டுகள் வரையே ஆயுள். கோடை வெயிலில் வாகனத்துக்குள் வெந்தும் பனிக்காலத்தில் உறைந்தும் கிடக்கும் பிளாஸ்டிக், கண்ணுக்குத் தெரியாமலே வலுவிழந்துவிடும். லேபிள் கிழிந்திருந்தால் எதையும் உறுதிப்படுத்த முடியாது என்பதால், அந்தச் சீட்டை விட்டுவிடுவதே நல்லது. எழுத்துகள் தெளிவாக இருந்தால், மாதிரி எண்ணைக் கொண்டு கனடா போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் அது குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்ட சீட்டுகளின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிள் சொல்லாத ஒரு சங்கதியை, கொடுத்தவரிடம்தான் கேட்டறிய வேண்டும். "விபத்து ஏதும் நடந்ததா?" என்று கேட்டால், "பெரிதாக ஒன்றுமில்லை, பம்பரில் சின்ன இடிதான்" என்ற பதில் வரக்கூடும். அமெரிக்க வழிகாட்டல்கள் சிறு மோதலுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்களிக்கின்றன. கனடா போக்குவரத்துத் துறையோ, மோதலின்போது பிள்ளை அதில் இருக்காவிட்டாலும் சீட்டை மாற்றும்படியே கூறுகிறது. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும்தான், ஆயினும் கேளுங்கள். உங்கள் வாகனமே மோதலில் சிக்கியிருந்தால், காப்புறுதி நிறுவனத்திடம் கார் சீட்டின் விலையையும் சேர்த்துக் கோருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வார்களை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் நைந்திருந்தாலோ, சலவை இயந்திரத்தில் போட்டோ பிளீச் இட்டோ கழுவியதாகத் தெரிந்தாலோ அவற்றை நம்ப முடியாது. பூட்டினுள் பிஸ்கற் துகள் அடைத்திருந்தால் அது முழுமையாகப் பூட்டாது. "கிளிக்" என்ற ஓசை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். முன்நோக்கி வைக்கும் சீட்டாயின், மேலே வாகனத்தோடு கொளுவும் வாரும் அதனுடன் இருக்க வேண்டும். வேறு சீட்டின் வாரையோ மெத்தையையோ மாற்றிப் பொருத்தாதீர்கள்.

இவற்றில் எதிலாவது தவறிய சீட்டை வேறொருவருக்குக் கைமாற்றவும் வேண்டாம், அப்படியே வீதியோரத்தில் வைக்கவும் வேண்டாம். எடுத்துப்போக யாராவது வருவார்கள். வார்களை வெட்டிவிட்டு, பிளாஸ்டிக்கின் மேல் "காலாவதியானது" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிய பின்னரே குப்பையில் சேருங்கள்.