கலைச்சொல்: வேர்களைத் தாண்டி இறங்கும் நீருக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

மண்நீர்க் கணக்கில் இரண்டு வேறு அளவுகளைச் 'செறிவூட்டல்' என்ற ஒரே சொல்லால் எழுதிவருகிறோம். ஒன்று, வேர் பரவிய மண்ணின் அடிவிளிம்பைத் தாண்டி இறங்கும் நீர். மற்றது, கிணற்று நீர்மட்டத்தைப் போய்ச் சேரும் நீர். மண்ணுக்குள் நீர் நகர்வதைச் சொல்லும் ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கும் ஹைட்ரஸ் மென்பொருளை வேர் ஆழம் வரை ஓட்டினாலும், மண் ஈரத்தை வரவு செலவாக எழுதும் தார்ன்த்வெயிட் முறையில் கையால் போட்டாலும், விடையாக வருவது முதல் அளவுதான். அதற்கு 'வேரடி வடிமானம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். தேய்மானம், வருமானம் போல இது நிகழ்வையும் குறிக்கும், அளவையும் குறிக்கும்.

கணக்கில் வைத்துப் பாருங்கள். சேர்வராயன் அடிவாரச் செம்மண்ணில் மரவள்ளி, வேர் ஆழம் 60 செ.மீ. என்று கொள்வோம். மண் பிடித்து வைக்கும் ஈரம் 22 விழுக்காடு, பயிர் வாடும் ஈரம் 10 விழுக்காடு என்றால் பயிருக்குக் கிடைப்பது 72 மி.மீ. அதில் 40 மி.மீ. வற்றியிருக்கும்போது ஐப்பசியில் ஒரே நாளில் 75 மி.மீ. கொட்டுகிறது. மேலோட்டமாக ஓடியது 15, மண்ணும் இலையும் சேர்ந்து விட்ட ஆவிப்போக்கு 4. மண்ணுக்குள் நின்றது 56. பற்றாக்குறை 40 நிரம்பியபின் மிச்சம் 16 மி.மீ. இதுதான் அன்றைய வேரடி வடிமானம்.

இதையே மாதக் கணக்காகப் போட்டால், மழை 110, ஆவிப்போக்கு 125 என்ற மாதத்தில் விடை சுழி. 16 மி.மீ. காணாமல் போகும். ஆகவே சொல்லின் விளக்கத்திலேயே 'நாள் கணக்கில்' என்று சேர்க்க வேண்டும்.

*

> அதற்கு 'வேரடி வடிமானம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

ஐயா, வணக்கம். சொல் நன்றாக இருக்கிறது, 'வேரடி வடிவு' என்று வைக்காமல் விட்டதும் நல்லது. அதைப் பார்க்கிறவர்கள் உருவம் என்று படித்துவிடுவார்கள். ஆனால் ஏற்காட்டுச் சரிவில் இச்சொல் ஆழம் குறிக்காமல் நிற்காது. காப்பிச் செடிக்கு ஒரு ஆழம், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்குக்கு வேறு ஆழம். செடியின் வேரைத் தாண்டிய நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும். 'வேரடி வடிமானம், 1.5 மீ.' என்று ஆழத்தோடு எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆவிப்போக்கிலும் கவனம் வேண்டும். ஆவிப்போக்கைக் கணிக்கும் பென்மன்-மான்டீத் முறையின் குறிப்புப் பயிர் 12 செ.மீ. உயரப் புல். அதிலிருந்து காப்பிக்குப் பெருக்கும் கெழு, அடித்தரை வெறுமையாக இருந்தால் 0.90 முதல் 0.95 வரை, களை மண்டியிருந்தால் 1.05 முதல் 1.10 வரை. குறிப்புப் பயிருக்கு மாதம் 100 மி.மீ. என்றால் இந்த வித்தியாசமே 15 மி.மீ. நீங்கள் கண்டுபிடித்த 16 மி.மீ. கிட்டத்தட்ட முழுதும் கரைந்துவிடும்! களை வெட்டிய தேதி தெரியாமல் மாதிரியை, அதாவது ஹைட்ரஸ் போன்ற கணினிக் கணக்கை, ஓட்டுவதில் பயனில்லை.

பெரிய சிக்கல் அடிப்பாறை. மலையில் சார்னோக்கைட் பாறை ஆழமில்லாமல் கிடக்கிற இடத்தில், மாதிரியின் அடி எல்லையைத் 'தடையற்ற வடிப்பு' என்று வைத்தால் நீர் நேரே கீழே போய்விட்டதாகக் காட்டும். உண்மையில் அது பாறைமேல் தேங்கிச் சரிவாக நகர்ந்து ஓடையில் வெளிப்படும். அது வடிமானம்தான், கிணற்றுக்கு வரவு இல்லை.

*

அம்மா, ஆழத்தை ஏற்கிறேன்.

பாறை பற்றிய உங்கள் கருத்துதான் இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம். நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறையில் சார்னோக்கைட்டுக்கு மழையில் 5 விழுக்காடு, களி குறைந்த சிதைந்த நைசுப் பாறைக்கு 11, களி மிகுந்ததற்கு 8 என்று வைத்திருக்கிறார்கள். இவை நீர்மட்டத்தைச் சேரும் அளவுகள். மாதிரி தரும் வடிமானத்தை இவற்றோடு நேராக ஒப்பிட்டு, 'மாதிரி மிகையாகக் காட்டுகிறது' என்று மண் பண்புகளைத் திருத்தத் தொடங்குகிறவர்கள் சரியாக இருந்த எண்ணையும் கெடுத்துவிடுகிறார்கள்.

நீர்மட்டத்தைச் சேர்வதற்கு 'நீர்ச்செறிவு' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நீர்மட்டத்தைச் சேரும் அளவைக் கணிக்கும் குளோரைடு முறையில், மழையின் குளோரைடு செறிவை நிலத்தடி நீரின் குளோரைடு செறிவால் வகுத்து மழையளவால் பெருக்குகிறோம். விடைக்கும் செறிவு என்று பெயரிட்டால் ஒரே வாய்பாட்டில் மூன்று செறிவு! 'நிலத்தடிச் சேர்மானம்' என்று வைக்கலாம். தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை கட்டி நாமே செய்வதற்கு மட்டும் 'செறிவூட்டல்' இருக்கட்டும்.

*

சேர்மானம் என்றால் மருந்துச் சரக்கு நினைவுக்கு வரும். ஆனாலும் 'நிலத்தடி' முன்னால் நிற்பதால் குழப்பம் வராது. ஏற்கலாம்.

இரண்டு சேர்க்கை. கோடையில் அடியிலிருந்து ஈரம் மேலேறும்போது மாதிரி எதிர்க்குறி எண் தரும். அதை வடிமானத்தில் கழிக்காமல் 'நுண்புழை ஏற்றம்' என்று தனி வரியில் காட்டுக. மண் வெடிப்பு, பாறைப் பிளவு வழியே மண்ணை நனைக்காமலே இறங்கும் நீர் ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டில் வராது. அது 'பிளவுவழி இறக்கம்'. வேரடி வடிமானத்தில் அடங்காது. பதிவு இப்படி:

வேரடி வடிமானம்: குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே, மண் பற்றாக்குறை நிரம்பியபின் இறங்கும் நீர், நாள் கணக்கில், மி.மீ. அளவில், ஆழம் சேர்த்து எழுதப்படுவது.