நியூ ஆர்லியன்ஸில் இரண்டு இரவு: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கத்தரிப்பூ: வரும் மாதம் ஹூஸ்டனிலிருந்து காரில் நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மா சுத்த சைவம். இரண்டு இரவுதான் தங்கப் போகிறோம். சாப்பாட்டுக்கும் இரவில் சுற்றவும் எங்கே போகலாம்?

நெடுஞ்சாலை: ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரிலேயே அறை எடுங்கள். முதல் இரவு போர்பன் ஸ்ட்ரீட். இரும்பு வேலைப்பாடு போட்ட பால்கனிகள், வாசலுக்கு வாசல் பாட்டு, பிளாஸ்டிக் கோப்பையில் மதுவோடு தெருவில் நடக்கும் கூட்டம். இப்படி ஒரு தெரு அமெரிக்காவில் அதிகம் கிடையாது. காலையில் கஃபே டு மாண்ட் காபிக் கடையில் பென்யே (சர்க்கரைத் தூள் கொட்டிய பொரித்த பலகாரம்), ஜாக்சன் ஸ்கொயர், நதியில் ஒரு படகுச் சவாரி. இரண்டு நாள் போதும்.

பேட்டன் ரூஜ் வாசி: அம்மாவும் பையனும் வரும்போது முதல் இரவே போர்பன் ஸ்ட்ரீட்டா? இருட்டிய பிறகு அங்கே குடியும் ஸ்ட்ரிப் கிளப் வாசல்களும்தான் கண்ணில் படும். பகலில் ஒரு நடை நடந்தால் போதும். நல்ல ஜாஸ் வேண்டுமென்றால் ஃபிரெஞ்ச்மென் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். குவார்ட்டரின் கோடியிலிருந்து நடந்தே போகலாம்.

நெடுஞ்சாலை: அங்கே பல கிளப்புகளில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. பையனை யார் பார்த்துக்கொள்வது? போர்பனிலாவது குடும்பத்தோடு தெருவில் நடந்துகொண்டே கேட்கலாம்.

பேட்டன் ரூஜ் வாசி: நியாயமான கேள்வி. பையன் இருப்பதால் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்குதான் சரி. 1961-இல் தொடங்கியது. சின்ன இடம், மது கிடையாது, எல்லா வயதினரும் போகலாம். முக்கால் மணி நேரம் போல வாசிப்பார்கள். பலர் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கும், அதனால் அம்மாவுக்கு உட்காரும் இடத்தோடு முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

சிக்கரி: அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மாமியாரை அழைத்துப்போய்ப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்' என்றதும் ராஜ்மா சாதம் என்று நம்பிவிடாதீர்கள். அதில் வழக்கமாகப் பன்றி இறைச்சியோ சாசேஜோ சேர்த்து வேகவைப்பார்கள். கீரை மசியலிலும் அப்படித்தான். கம்போ என்ற குழம்பில் வெண்டைக்காய் மிதக்கும், ஆனால் அடியில் கோழி, இறால், நண்டு ஏதாவது ஒன்று இருக்கும். "இறைச்சி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தச் சாற்றில் வேகவைத்தார்கள் என்றும் கேளுங்கள். அறையில் சின்ன சமையலறை இருந்தால் நிம்மதி. காபி அம்மாவுக்குப் பிடித்துவிடும். சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் பாதிக்குப் பாதி சூடான பால் ஊற்றித் தருகிறார்கள். நம் வீட்டுக் காபியின் நெருங்கிய சொந்தம் அது.

பேட்டன் ரூஜ் வாசி: வெண்டைக்காய் என்றதும் நினைவு வருகிறது. கம்போ என்ற பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவம் அது. அதனால்தான் விட்னி பிளான்டேஷன் என்ற பழைய கரும்புத் தோட்ட அருங்காட்சியகத்தை விடாதீர்கள் என்கிறேன். 2014-இல் திறந்தது. முதலாளியின் மாளிகையைப் புகழாமல் அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்லும் இடம். இந்த லூசியானா மாநிலத்தில் அடிமையாக இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நீங்கள் வரும் ஐ-10 சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால் போதும், ஊருக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடும்.

நெடுஞ்சாலை: விடுமுறைக்கு வருபவர்களை, அதுவும் குழந்தையோடு, துக்க வீட்டுக்கு அனுப்புவது போல இருக்கிறது. பையனுக்கு இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம் போதாதா? நார்மண்டியில் படைகளைக் கரையிறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் இந்த ஊரில் கட்டப்பட்டவை. அதைப் பார்க்கவே அரை நாள் பிடிக்கும்.

பேட்டன் ரூஜ் வாசி: போர் அருங்காட்சியகத்தில் சாவு இல்லையா? பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதைக் காட்டலாம் என்றால் இதையும் காட்டலாம். பென்யே மேல் கொட்டும் சர்க்கரையைப் பாருங்கள். விட்னியில் அடிமைகள் வெட்டியதும் கரும்புதான். 1817-இல் போட்ட நகரச் சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் மட்டுமே நியூ ஆர்லியன்ஸ் அடிமைகள் கூடி ஆடிப் பாடலாம். அந்த இடம்தான் காங்கோ ஸ்கொயர். இன்று அது குவார்ட்டருக்கு அடுத்த தெருவில், ஆர்ம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது. ஜாஸின் வேர் அங்கே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பிரிசர்வேஷன் ஹாலில் உட்கார்ந்தால் அந்த டிரம் வேறு மாதிரி கேட்கும். எனக்குக் கேட்டது.

சிக்கரி: விட்னியில் பெரும்பகுதி திறந்தவெளி நடை. வெயில் உறைக்கும். அம்மாவுக்குத் தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். அவருக்கு நடக்க முடியாத நேரத்தில் செயின்ட் சார்ல்ஸ் டிராமில் ஏற்றிவிடுங்கள். 1835-இலிருந்து ஓடும் தடம். ஓக் மரங்களுக்கும் பெரிய பழைய வீடுகளுக்கும் நடுவே போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதுவே ஒரு ஊர்வலம்.

கத்தரிப்பூ: எல்லோருக்கும் நன்றி. வரும் வழியில் விட்னி, அன்றிரவு பிரிசர்வேஷன் ஹால். மறுநாள் அம்மா டிராமில், பையனும் அப்பாவும் போர் அருங்காட்சியகத்தில். போர்பன் ஸ்ட்ரீட் பகலில்.

நெடுஞ்சாலை: போர்பனை இரவில் பார்க்காமல் திரும்புவதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கணவரும் நீங்களும் ஒரு அரை மணி நேரமாவது போய் வாருங்கள். அப்புறம், விட்னியில் நிறுத்தினாலும் ஊருக்குள் நிறுத்தினாலும் காரில் ஒரு பைகூட வெளியே தெரியக் கூடாது. போன முறை வெறும் துணிப்பைக்காக என் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்.