விதைத் துகளில் இரண்டாம் பலபடி எங்கே அமர்கிறது: சமநிலை மாதிரியும் நுண்ணோக்கிப் படமும் ஒத்துவரவில்லை

கேள்வி

வணக்கம். 200 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் விதைத் துகள்களில் (நீரில் பரவிய, முன்பே செய்த முதல் பலபடித் துகள்கள்), பொட்டாசியம் பெர்சல்பேட்டைத் துவக்கியாகக் கொண்டு, 70 டிகிரி செல்சியஸில் ஸ்டைரீனைப் பலபடியாக்கி வருகிறேன். இடைமுக இழுவிசைகளை (இரு பொருள்கள் தொடும் பரப்பை உருவாக்கத் தேவையான ஆற்றல்) மட்டும் கொண்டு நான் எழுதிய மாதிரியின்படி, நீரை அதிகம் விரும்பும் மெத்தாக்ரிலேட் வெளியே வந்து, பாலிஸ்டைரீன் உள்ளே போக வேண்டும். ஸ்டைரீன் முழுவதிலும் விதையை ஊறவைத்த பிறகு வினையைத் தொடங்கியபோது ஏறத்தாழ அப்படியே நடந்தது. அதே அளவு ஸ்டைரீனை ஆறு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஊட்டியபோதோ, பாலிஸ்டைரீன் விளிம்பிலேயே திட்டுத்திட்டாகத் தங்கிவிட்டது. மாதிரியில் எதை விட்டுவிட்டேன்?

மறுமொழி 1

நேரத்தை விட்டுவிட்டீர்கள். 1970-இல் டோர்சாவும் மேசனும் தந்த பரவல் நிபந்தனை, விதைக்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமானால் இரண்டாம் பலபடி விதையை முழுவதும் போர்த்தும் என்கிறது. அந்த நிலையை அடைய எவ்வளவு காலமாகும் என்பது அதில் இல்லை.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 70 டிகிரியில் ஸ்டைரீனின் சங்கிலி வளர்ச்சி மாறிலி சுமார் 480 லிட்டர்/மோல்·விநாடி. சொட்டு ஊட்டத்தில் துகளுக்குள் ஒற்றைப்படியின் (இன்னும் பலபடியாகாத ஸ்டைரீன்) செறிவு 0.5 மோல்/லிட்டர் எனக் கொண்டால், தனி உறுப்பு (வினைபடு முனையுடன் வளரும் சங்கிலி) விநாடிக்கு ஏறத்தாழ 240 அலகுகளைச் சேர்க்கிறது. 100 நானோமீட்டர் ஆரத்தைக் கடக்க, விரவல் குணகம் (சங்கிலி எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு) 10⁻¹² ச.மீ./விநாடி எனில் 0.01 விநாடி போதும். அதுவே 10⁻¹⁶ ஆகக் குறைந்தால் 100 விநாடி ஆகும், அதற்குள் 24,000 அலகுகள் சேர்ந்து சங்கிலி அசையவே இயலாததாகிவிடும். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இதற்குக் கீழே பலபடி கண்ணாடிபோல் இறுகியிருக்கும்) சுமார் 105 டிகிரி. ஊறிய விதையில் ஸ்டைரீன் அதனை வெகுவாக இளக்கிவிடுகிறது; பட்டினி ஊட்டத்தில், அதாவது சொட்டுச் சொட்டாக ஊட்டும்போது, விதை கெட்டியாகவே இருப்பதால், நீரிலிருந்து வரும் தனி உறுப்பு மேற்பரப்புக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. துவக்கியிலிருந்து வந்த அதன் சல்பேட் முனையும் நீரை ஒட்டியே இருக்க முயலும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சங்கிலி எங்கே பிறக்கிறது என்பதை விளக்குகிறது. பிறந்த பின் அது எங்கே போகிறது என்பதற்கு, 1995-இல் கோன்சாலெஸ்-ஓர்ட்டிஸும் அசுவாவும் வெளியிட்ட திரள் இயக்க மாதிரி பொருத்தமானது. பிரிந்து உருவாகும் பாலிஸ்டைரீன் திரள்கள் வாண்டர் வால்ஸ் விசைகளால் சமநிலை இடத்தை நோக்கி இழுக்கப்படுகின்றன, பாகுநிலை அவற்றைத் தடுக்கிறது. வினை முடிந்த துகள்களில் சிறிது டொலுவீன் (பலபடியை இளக்கும் கரைப்பான்) சேர்த்து ஊறவைத்துப் பாருங்கள். திட்டுகள் உள்ளே நகர்ந்தால், உங்கள் சமநிலைக் கணக்கு சரி, அடைபட்டது இயக்கம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. இழுவிசை மதிப்புகளைத் தூய பலபடிகளிலிருந்து எடுத்திருந்தேன். சல்பேட் முனைகள் பாலிஸ்டைரீனுக்கும் நீருக்கும் இடையிலான இழுவிசையைக் குறைக்கும் என்பதையும் சேர்த்துத் திருத்துகிறேன்.

மறுமொழி 2

ஒன்றைக் கவனியுங்கள். ருத்தேனியம் டெட்ராக்சைடால் சாயமேற்றிய மெல்லிய வெட்டில், துகளின் மையத்தை விட்டு விலகிய வெட்டு, விளிம்புத் திட்டையே உள்ளே இருப்பதுபோல் காட்டிவிடும். ஆகவே மாதிரி தரும் முப்பரிமாணத் துகள்களையும் கணினியில் தற்செயலான கோணங்களில் வெட்டி, அந்தத் தொகுப்பை உங்கள் படங்களோடு ஒப்பிடுங்கள்.