கண்காட்சியில் நிர்வாண ஓவியங்கள்: காகிதம் ஒட்டச் சொல்கிறது ஹால் நிர்வாகம். என்ன செய்யலாம்?

கோட்டுச்சித்திரன்:
குழுக் கண்காட்சி. மொத்தம் 32 படைப்புகள், அதில் 7 நிர்வாணம்: நான்கு கரி ஓவியம், இரண்டு எண்ணெய் ஓவியம், ஒரு புகைப்படம். வாடகை ஹால். திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது, "குழந்தைகளும் வருவார்கள், ஏழு படங்களையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் காகிதம் ஒட்டுங்கள்" என்கிறார்கள். சண்டை போடாமல் படங்களை வைக்க வழி உண்டா? ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் எதைக்கொண்டு ஒட்டுவது?

சுவராணி:
எதைக்கொண்டும் ஒட்டாதீர்கள். கரி ஓவியத்துக்கு முன்னால் சாதாரண அக்ரிலிக் ஷீட் இருந்தால், ஸ்டிக்கரை உரிக்கும்போது அதில் நிலைமின்சாரம் ஏறும். தாளில் சரியாகப் பிடிக்காத கரித்தூள் எழும்பி ஷீட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரேமைப் பிரித்துப் பார்த்தால் தொடையின் நிழல் தாளில் வெளிறியும் ஷீட்டில் மங்கலாகவும் இருக்கும். தூளைத் திரும்பத் தாளுக்குக் கொண்டுபோக முடியாது. எண்ணெய் ஓவியத்தில் டேப் இன்னும் மோசம். தடித்துப் பூசிய வண்ணம் மேலே காய்ந்திருந்தாலும் மாதக்கணக்கில் உள்ளே இளகலாகவே இருக்கும், டேப்போடு உரிந்து வரும்.

இதை இடத்தை வைத்துத் தீர்க்கலாம். வாசலிலும் வரவேற்பு மேசையிலும் நின்று பாருங்கள், எந்தச் சுவர் கண்ணில் படவில்லையோ அது உங்களுடையது. அப்படிச் சுவர் இல்லையென்றால் 2.4 மீட்டர் உயரத் தடுப்புப் பலகைகள் இரண்டை ஒன்றுக்கொன்று சற்று விலக்கி, முன்பின்னாக நிறுத்துங்கள். கதவு வேண்டாம், வளைந்து உள்ளே போகிற வழி போதும். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விடுங்கள். உள்ளே போகாதவரும் மற்ற 25 படைப்புகளையும் பார்த்துவிட்டு வெளியேற முடிய வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: நிர்வாணப் பகுதியை நடுவழியில் வைத்துவிட்டு, விருப்பமில்லாதவர் பார்க்க வேண்டாம் என்று பலகை மாட்டுவார்கள். அவர் எந்த வழியாகப் போவார்?

அறிவிப்பு, திரும்பிப்போக இன்னும் இடமிருக்கும் தூரத்திலேயே இருக்கட்டும். "இப்பகுதியில் நிர்வாண உடலைச் சித்திரிக்கும் படைப்புகள் உள்ளன." இவ்வளவு போதும். "மனம் புண்படலாம்" என்றெல்லாம் எழுதினால், நடக்காத குற்றத்துக்கு நீங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தையும் குறைக்காதீர்கள். தாள் ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய்க்கு 200, மற்ற சுவர்களுக்கு என்னவோ அதுவே.

அத்தியிலை:
தடுப்பு நல்ல யோசனைதான், ஆனால் ஏழையும் ஒரே மூலையில் ஒதுக்கினால் அதுவும் ஒருவகைத் தணிக்கையே. "நிர்வாண மூலை" என்று பெயராகிவிடும். அதே ஓவியர்களின் ஆடையணிந்த உருவங்கள் இரண்டு மூன்றையும் அதே பகுதியில் மாட்டுங்கள், அப்போது அது உடல் பற்றிய பகுதியாகத் தெரியும்.

மறைப்பதிலும் இரண்டு வகை உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு ஒரு பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. அரச குடும்பத்தார் வரும்போது மட்டும் அதன் அந்தரங்க உறுப்பை மறைத்து மாட்ட, அரை மீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டர் அத்தியிலை செய்து வைத்திருந்தார்கள். இரண்டு கொக்கிகளில் தொங்கும், விருந்தாளி போனதும் கழற்றிவிடலாம். கேலிக்கூத்துதான், ஆனால் சிலைக்குச் சேதமில்லை. வத்திக்கானின் சிஸ்டின் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த "இறுதித் தீர்ப்பு" சுவரோவியத்தின் கதை வேறு. 1565-ல் தானியேலே தா வோல்தெர்ரா என்ற ஓவியர் பல உருவங்களுக்குத் துணி வரைந்தார். புனித பிளேஸ், புனித கேத்தரின் உருவங்கள் இருந்த இடத்தில் சாந்தையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். 1994-ல் முடிந்த சீரமைப்பில் பிற்காலத்தவர் பூசிய துணிகள் பலவற்றை எடுக்க முடிந்தது. கொத்திய இடத்துக்கு அடியில் எதுவும் மிச்சமில்லை. அங்கே முதலில் என்ன இருந்தது என்று பார்க்க, மார்செல்லோ வெனுஸ்தி என்ற ஓவியர் 1549-ல் வரைந்த நகல்தான் கைகொடுக்கிறது. அது நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே மாட்டுவதற்கு முன்பே ஏழையும் முன், பின், நான்கு மூலை என்று படமெடுத்து வையுங்கள். மறைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், சுவரில் தனிக் கம்பி அடித்து, ஃப்ரேமுக்கு 10 செ.மீ. முன்னால் தொங்கும் பருத்தித் திரை போடுங்கள். ஃப்ரேமில் ஆணி அடிக்கக் கூடாது. திரை போட்டால் கூட்டம் அங்கேதான் போய் நிற்கும் என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2016-ல் ஈரான் அதிபர் வந்தபோது ரோம் கபிதோலினே அருங்காட்சியகச் சிலைகளை வெள்ளைப் பலகைகளால் மூடினார்கள். அந்தப் பலகைகள்தான் உலகம் முழுக்கப் பேச்சானது.

கோட்டுச்சித்திரன்:
நன்றி. தடுப்புக்கு நிர்வாகம் இசைந்துவிடும் போலிருக்கிறது. புகைப்படத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

மூன்றாம் ஆணி:
அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. புகைப்படத்தில் இருப்பவர் அடையாளம் தெரிகிற ஒரு மனிதர். மாடலின் எழுத்துச் சம்மதம் கையில் இருக்கிறதா? படமெடுக்கக் கொடுத்த சம்மதம் கண்காட்சிக்குச் செல்லாது. கண்காட்சி, அச்சு, இணையம், விற்பனை நான்கையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். 18 வயது நிரம்பியவர் என்பதற்கான சான்று நகலும் சேர்ந்தே இருக்கட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் படத்தை நீங்களே விலக்கிவிடுங்கள்.

விளம்பரத்துக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஓவியம், சிலையில் வரும் நிர்வாணத்தைச் சாதாரணப் பதிவுகளில் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிறுவனம்) விதிகள் அனுமதிக்கின்றன, புகைப்படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஓவியத்தைப் போடும்போதும் உருவத்தை மட்டும் வெட்டிப் போடாமல், ஃப்ரேமும் சுவரும் தெரிய எடுங்கள். தத்ரூபமான எண்ணெய் ஓவியத்தை இயந்திரம் நிஜ உடல் என்று நினைத்துத் தூக்கிவிடும்.

கடைசியாக, நிர்வாகம் வாயால் சொல்லும் சரியை நம்பாதீர்கள். ஏழு படங்களின் சிறு பிரதி, அளவு, மாட்டும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். திறந்தபின் ஒன்றை அகற்றச் சொன்னால் யார் சொல்லலாம், எழுத்தில் காரணம் தரவேண்டுமா, அகற்றும்போது ஓவியர் உடனிருக்கலாமா, வெற்றிடத்தில் பெயர்ச்சீட்டு இருக்குமா, வாடகையில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பெயர்ச்சீட்டுக்குத்தான் பெரும்பாலும் முரண்டு பிடிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.