புதுப்பிப்பு: பள்ளிக் குழாயடியில் இப்போது சேறு இல்லை

கடலூரில் என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில், காலை உணவு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவும் குழாயடி சேறாகிக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசச் சொன்னீர்கள். பேசினேன்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். அதன் பலம் அன்றுதான் புரிந்தது. "ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சிடணும் டீச்சர், நம்ம ஊர் மழை தெரியாதா?" என்று ஒரு அம்மா எழுந்து நின்றார். கொத்தனார் வேலை செய்யும் ஒரு அப்பா ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். வாட்டம் பார்த்துச் சிமெண்ட் பூசி, தண்ணீரை வாழைக்கன்றுகள் பக்கம் திருப்பிவிட்டார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிமெண்ட், மணல் செலவு எங்களுடையது.

இந்தப் புதன்கிழமை பொங்கல், சாம்பார். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி தட்டில் ஒட்டியிருந்த மிளகை விரலால் தள்ளிவிட்டு, கழுவிய தட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், இரண்டாவது குழாய் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.