"பைய வை"

எட்டாம் வகுப்பு பாதியில் அப்பாவுக்கு மாற்றலாகி, நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வந்தோம். புதுப் பள்ளியில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நானும் இன்னொருத்தியும் ஒரு பெஞ்சைத் தூக்கிப் பின்வரிசைக்குக் கொண்டுபோனோம். காலில் விழுந்துவிடக் கூடாதே என்று "பைய வை, பைய வை" என்றேன். அவள் தன் முனையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் புத்தகப் பையை எடுத்துவந்து பெஞ்சின்மேல் வைத்தாள்! எங்கள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. அவளுக்கு அது தெரியாது, அவள்மேல் தப்பில்லை. ஆனால் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் "பைய வருது பார்"தான்.

அதைவிட வலித்தது "நீ மலையாளியா?" என்ற கேள்வி. மலையாளியாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடிய மண் எங்களுடையது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் இணைந்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே அதை யாரிடம் சொல்ல? வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் ஒரு தமிழ் என்று ஆனது. அப்புறம் பள்ளியில் பேச்சே இல்லை.

தமிழம்மா எப்படிக் கவனித்தாரோ, ஒருநாள் கரும்பலகையில் "பைய நகும்" என்று இரண்டே சொற்களை எழுதிப் பொருள் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. என் கை தானாக உயர்ந்தது. "மெதுவா சிரிப்பாள், மிஸ்."

"திருக்குறள், 1098. வள்ளுவர் எழுதின சொல்லை இந்த வகுப்புல பேசுறவ இவ ஒருத்திதான்" என்றார்.

அடுத்த வாரம், துடைப்பத்துக்கு அவரவர் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு ஒரு சார்ட்டில் எழுதினார். நான் வாரியல் என்றேன். விளக்குமாறு வந்தது, கோவைக்காரப் பெண்ணின் சீமாறு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுவதை அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு பையன் "சீப்புரு" என்றான். அதையும் அதே அளவு எழுத்தில் எழுதினார்.

*

மேலே எழுதியவருக்கு: உங்கள் தமிழம்மாவுக்கு என் வணக்கம். நான் திருப்பூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் குழந்தைகள் என் வகுப்பில் உண்டு. அதில் ஒரு சிறுமி, வந்த சில மாதங்களிலேயே "தண்ணி வேணுங் டீச்சர்" என்று எங்கள் 'ங்' போட்டுப் பேசத் தொடங்கிவிட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல். அவள் மொழியில் நாங்கள் ஒரு சொல் கூடக் கற்கவில்லையே!

ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொடு என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே "ஏக, துயி, தினி..." என்று ஐந்து வரை சொன்னாள். மறுநாள் இடைவேளையில் கண்ணாமூச்சி. வேப்பமரத்தில் முகம் புதைத்து எண்ணிய பையன் "ஏக, துயி, தினி" வரை வந்து, அப்புறம் தெரியாமல் நின்றுவிட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளே எழுந்து கத்தினாள்: "சாரி, பாஞ்ச!"